கழுதைக்கு ஓர் அடி, எங்களுக்கு ஆறு அடி

கற்பிட்டி வீதிக்குக் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் புத்தளத்திலிருந்து வந்த பஸ் நிற்கிறது. கயிற்றைப் பிடித்தபடி வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் வரிசையாக, பின்பக்கமாகவே நடந்து, வீதியைக் கடந்து, எதிரே இருந்த ஹலீம் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஒருவருக்கும் அவசரம் இல்லை. முகத்தில் கஷ்டமும் இல்லை. வலீமாக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களைப் போலக் கதைத்துக்கொண்டு போகிறார்கள். முதுகுதான் முன்னால் போகிறது.

பஸ்ஸிலிருந்து எங்கள் பாடசாலை அதிபர் இறங்கினார். கக்கத்தில் கடிதக் கோவை. கயிறு எங்கிருந்து வருகிறது என்று பாடசாலை வளவுக்குள் பார்த்தார். அது கிணற்றடியில் மறைந்தது. எங்கே போகிறது என்று கடைக்குள் பார்த்தார். அது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்களின் மேசைகளுக்கு நடுவால் போய், பின்கதவால் வெளியேறியது.

கயிற்றில் நின்ற ரினோஸ் என்ற பொடியனிடம் கேட்டார்.

"இது என்ன பாடம்டா?"

"விஞ்ஞானம் சேர்."

"எங்க போறீங்க?"

"தெரியா சேர். சேர்தான் கயித்த விட வேணாமெண்டு சொன்ன."

அந்தச் 'சேர்' நான்தான்.

இதை எழுதத்தான் வேண்டுமா என்று என் மனைவி, பிள்ளையின் உம்மா, கேட்கிறா. சிரிப்புக்காக மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். அந்த நாட்களில் நான் அல்லாஹ்வின் பெயரால் ஒரு வசனத்தை முப்பத்தொரு கொப்பிகளில் எழுத வைத்திருந்தேன். அது பிழை என்று என் சொந்த மகளே சொல்லிவிட்டு, என்னோடு கதைக்காமல் இருந்தாள். நான் சொன்னது சரியா, அவள் சொன்னது சரியா என்பது அன்றைக்கு அந்தக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு கழுதையும் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் சேரான விதம்

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தவர்களில் சிலர் திரும்பிப் போகத் தொடங்கிய காலம். எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த டீச்சரும் அப்படிப் போனவதான். சின்னப் பிள்ளையாக வந்து, இங்கேயே படித்து, இங்கேயே படிப்பித்து, ஒரு நாள் லொறியில் கதிரைகளுக்கும் அலுமாரிக்கும் நடுவே இடம் பிடித்து உட்கார்ந்து போனா. போகும்போது தன் குறிப்புக் கொப்பியை என் மகள் ஷிபானாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனா. ஷிபானா அப்போது தரம் பத்து.

டீச்சர் போன அடுத்த கிழமை அதிபர் என் வீட்டுக்கு வந்தார். எனக்குத் தொழில் வோட்டர் பம்ப் திருத்துவது. வெங்காயத் தோட்டக்காரர்களின் பம்புகள் எப்போதும் என் முற்றத்தில் குடல் வெளியே வந்து கிடக்கும்.

"நானா, தரம் பத்துக்கு விஞ்ஞானம் எடுக்க ஆளில்ல."

"அத என்னத்துக்கு எனக்கிட்டச் சொல்றீங்க சேர். நான் ஓலெவலோட நிண்ட ஆள்."

"கல்வி வலயத்தால ஆள் தருவாங்க. தாரவரைக்கும் ஒரே ஒரு பாடம். எளிய பொறிகள்."

"எனக்கு அது தெரியாது சேர்."

அவர் நிலத்தில் கிடந்ததைப் பார்த்தார். "இது என்ன?"

"பம்ப்."

"இது எளிய பொறியா, கஷ்டமான பொறியா?"

"கஷ்டமானதுதான்."

"கஷ்டமானதையே கழட்டிப் பூட்டுற ஆளுக்கு எளியது வராதா?"

கையில் இருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு, வருகிறேன் என்றேன்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், ஷிபானாவைத் தவிர.

"வாப்பா, கிளாசுல என்ன மகள் எண்டு கூப்பிடாதீங்க."

"அப்ப என்னெண்டு கூப்பிடுற?"

"கூப்பிடாதீங்க."

முதல் நாள் நான் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இல்ம், அதாவது அறிவு, படிக்கிற இடம் என்ற எண்ணம். பள்ளிவாசலுக்குப் போய்ப் பழகிய கால். சேர் கழற்றிவிட்டார் என்று பிள்ளைகளும் ஒவ்வொருவராக வெளியே போய்ச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். அந்த வழியே போன அதிபர், உள்ளே குர்ஆன் வகுப்பு நடக்கிறது என்று நினைத்து, தலையில் கைலேஞ்சியைப் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து போனார்.

அலவாங்கும் அலுமாரியும்

ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு, பிஸ்மி சொல்லி, பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கம் வாசிப்பேன். தூக்கப்படுகிற பாரத்துக்கு 'சுமை' என்று பெயர். நாம் கொடுக்கிற பலத்துக்கு 'எத்தனம்' என்று பெயர். நெம்புகோல் தங்குகிற இடம் 'பொறுதி'. வாசிக்க வாசிக்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. இத்தனை வருடமும் நான் செய்துகொண்டிருந்ததற்கெல்லாம் ஒருவர் பெயர் வைத்திருக்கிறார்.

வீட்டிலிருந்து அலவாங்கை, அந்த நீளக் கடப்பாரையை, தோளில் வைத்துக்கொண்டு போனேன். அலுவலக வாசலுக்குப் பக்கத்தில், விறாந்தையில் ஒரு பெரிய இரும்பு அலுமாரி நின்றது. நாலு ஆள் சேர்ந்தாலும் அசையாதது.

"ஆராவது ஒராள் வாங்க. ஒத்தக் கையால தூக்கிக் காட்டலாம்."

ரினோஸ் வந்தான். ஒரு கல்லைப் பொறுதியாக வைத்து, அலவாங்கின் நுனியை அலுமாரிக்குக் கீழே கொடுத்து, "அமத்து" என்றேன். அவன் ஒற்றைக் கையால் அமத்தவில்லை. முழு உடம்போடு ஏறிக் குந்தினான். அலுமாரி எழும்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு கல் வெடித்தது. அலுமாரி பக்கவாட்டில் வழுக்கிப்போய், அலுவலகக் கதவுக்கு நேரே, கதவோடு ஒட்டி நின்றது. கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு.

உள்ளே அதிபர் இருந்தார்.

பிறகு உள்ளே இருந்து கேட்டார். "நானா, பிள்ளைகளுக்குப் பாடம் விளங்கிட்டா?"

"விளங்கிட்டு சேர்."

"அப்ப என்னத் திறந்து விடுங்க."

நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துதான் அலுமாரியை நகர்த்தினோம். அதுவரை அவர் ஜன்னல் கம்பிக்குள்ளால் கையை நீட்டிக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டார். அவரைப் பற்றி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆள் கிடைக்காத கஷ்டம் அப்படி.

மற்ற அரைவாசி

அடுத்தது கப்பி. இதில்தான் நான் விழுந்தேன்.

மேலே கட்டிய ஒற்றைக் கப்பியால் பாரம் குறையாது, இழுக்கிற பக்கம் மட்டும் மாறும். கீழே, சுமையோடு சேர்ந்து ஏறுகிற கப்பி ஒன்று போட்டால் பாதிப் பலத்தோடு தூக்கலாம். கப்பிகளைக் கூட்டிக் கயிற்று மடிப்பைக் கூட்டினால் எத்தனம் இன்னும் இன்னும் குறையும். அன்று காலை நான் வாசித்தது இவ்வளவுதான். புத்தகத்தில் பக்கம் அங்கே முடிந்தது. நானும் அங்கே முடித்துக்கொண்டேன்.

கரும்பலகையில் கீறி விளங்கப்படுத்தினேன். ரினோஸ் எழும்பினான்.

"சேர், நாங்க அரைவாசிதான் இழுக்குறம். மத்த அரைவாசிய ஆரு இழுக்குற?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் முப்பத்தொரு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஒன்று என் பிள்ளை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அது பறக்கத்."

"என்ன சேர்?"

"நீங்க கொஞ்சம் முயற்சி செஞ்சா அல்லாஹ் மிச்சத்தத் தாரான். எழுதிக்கொள்ளுங்க."

எழுதிக்கொண்டார்கள். 'கப்பியால் எமக்குக் கிடைக்கும் மிச்சம் அல்லாஹ்வின் பறக்கத் ஆகும்.' எழுதும்போதே எனக்கு மனது நிறைந்தது என்று சொன்னால் பொய்யில்லை. விஞ்ஞானத்தையும் மார்க்கத்தையும் ஒரே வசனத்தில் கட்டிவிட்டேன் என்று நினைத்தேன். பின்வரிசையில் ஒருவன் சுப்ஹானல்லாஹ் என்றான். அவன் பகிடிக்குச் சொன்னானா உண்மையாகச் சொன்னானா என்று இன்றைக்கும் தெரியாது.

அன்று பின்னேரம் ஷிபானா தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"வாப்பா, அது பிழை."

"எது?"

"பறக்கத் எண்டு சொன்ன. மத்த அரைவாசிய மேல இருக்கிற குறுக்குத்தடி தாங்குது. நாங்க பலத்த அரைவாசியாக் குறைச்சா, ரெண்டு மடங்கு தூரம் இழுக்கணும். மன்னார் டீச்சர்ட கொப்பில இருக்கு. சும்மா ஒண்டும் கிடைக்கிறதில்ல."

எனக்குக் கோபம் வந்தது. பிழை என்று சொன்னதற்கு வந்த கோபத்தை, மார்க்கத்துக்கு வந்த கோபமாக மாற்றிக்கொண்டேன். மனிதன் அப்படித்தான் செய்கிறான்.

"அல்லாஹ்ட பறக்கத்தையா பிழை எண்டு சொல்றாய்?"

அவள் முகம் வெளிறிப் போனது. உள்ளே போனாள். அதிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி வரும். வைத்துவிட்டுப் போவாள். தவணைப் பரீட்சை இன்னும் ஒரு மாதத்தில். முப்பத்தொரு பிள்ளைகளும் கப்பிக் கேள்விக்குப் பறக்கத் என்று எழுதப் போகிறார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஏதோ அரிக்கத்தான் செய்தது. ஆனாலும் புத்தகத்தின் அடுத்த பக்கத்தை நான் புரட்டவில்லை. புரட்டினால் அங்கே என்ன இருக்கும் என்ற பயம்.

கிணற்றுக்குள் ஒருவர்

எங்கள் பக்கத்துக் கழுதைகளுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஒரு காலத்தில் உப்பும் கருவாடும் சுமந்தவையாம். லொறி வந்த பிறகு யாரும் அவற்றைத் தேடவில்லை, அவையும் யாரையும் தேடவில்லை. நடு வீதியில் நின்று யோசிக்கும். ஹோர்ன் அடித்தால் இன்னும் ஆழமாக யோசிக்கும்.

பாடசாலை வளவில் இருக்கிற கிணறு பள்ளிவாசலுக்கும் சேர்த்துத்தான். தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்கிற தண்ணீர் அங்கிருந்துதான் பம்ப் மூலம் போகிறது. பம்பைப் பார்க்கிறவன் நான். வியாழக்கிழமை குழாயைத் திருத்துவதற்காகக் கிணற்றை மூடியிருந்த கம்பி வலையைக் கழற்றினேன். திரும்பப் பூட்டவில்லை. மறந்துவிட்டேன் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை முதலாம் பாடத்துக்கு நான் வரும்போதே ரினோஸ் வாசலில் நின்றான்.

"சேர், கிணத்துக்குள்ள கழுத கெடக்கு."

எட்டிப் பார்த்தேன். நெஞ்சளவுத் தண்ணீரில் ஒரு கழுதை நின்றுகொண்டு மேலே பார்த்தது. கத்தியது. கிணற்றுக்குள்ளிருந்து கத்தினால் அது ஒரு கழுதையின் சத்தம் மாதிரி இல்லை, பத்துக் கழுதைகளின் ஊர்வலம் மாதிரி இருந்தது.

உயிரோடு இருக்கும்வரை தண்ணீருக்கு ஒன்றும் இல்லை. செத்தால் முழுக் கிணற்றையும் இறைக்க வேண்டி வரும், அதுவும் ஜும்ஆ நாளில். அதைவிட, வாய் பேசாத ஒரு சீவன் என் மறதியால் உள்ளே நிற்கிறது. மறுமையில் அது என்னைப் பிடித்துக்கொண்டால் நான் என்ன சொல்வது.

அதிபர் புத்தளத்துக்கு, வலயக் காரியாலயத்துக்குப் போயிருந்தார். விஞ்ஞானத்துக்கு ஆள் கேட்கத்தான்.

பெரியவர்கள் எல்லாம் கடலிலும் தோட்டத்திலும். இருந்தது தரம் பத்தும் நானும். மனதுக்குள் ஒரு மூலையில், இதுதான் நேரம் என்றும் தோன்றியது. பறக்கத்தைக் கண்ணால் காட்டிவிடலாம்.

இழுவை

ஹலீம் நானாவிடம் ஒரு தோணி இருந்தது. அதைக் கரைக்கு ஏற்றுகிற கப்பிகள் இரண்டு கடையின் பின்பக்கம் தொங்கும். ஒவ்வொன்றிலும் மூன்று சில்லு. கயிற்றைக் கோர்த்தால் ஆறு மடிப்பு.

"ஆறு மடிப்பு," என்றேன் பிள்ளைகளிடம். "கழுத மூண்டு மூடை சீமெந்து எண்டு வெய்ங்க. ஆறால பிரிச்சா?"

"அரை மூடை சேர்."

"மிச்சம்?"

"பறக்கத் சேர்," என்றது முழு வகுப்பும். ஷிபானாவின் வாய் அசையவில்லை.

கிணற்றின் இரண்டு தூணுக்கும் மேலே இருந்த பழைய குழாயில் கப்பியைக் கட்டப் போனேன். பக்கத்தில் ஒரு குரல். என்னைப் பார்க்காமல், கிணற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னது.

"அந்தக் குழாய்க்குக் கழுதைட பாரம் மட்டும் வராது. இழுக்கிற பாரமும் சேரும்."

இத்தனை நாளைக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை. குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு பனங்குற்றியைத் தூக்கிப் போடச் செய்தேன். கயிறு நிலத்தோடு ஒட்டிப் போக, தூணின் அடியில் இன்னொரு கப்பியும் கட்டினோம்.

பிறகு பழைய வலைத் துண்டு ஒன்றோடு நான் ஏணியில் இறங்கினேன். கழுதையும் நானும் முகத்துக்கு முகம். ஸலாம் சொல்ல வேண்டும் போல இருந்தது. வயிற்றுக்குக் கீழால் வலையைக் கொடுத்துக் கட்டும்வரை அது என் தோளில் தலையை வைத்துக்கொண்டு நின்றது. பயத்தில் என்றுதான் நினைக்கிறேன்.

மேலே வந்து பிள்ளைகளைக் கயிற்றில் நிறுத்தினேன். கிணற்றுப் பக்கம் பொடியன்மார், வாசல் பக்கம் பெண்பிள்ளைகள். கயிற்றில் முப்பது பேர். ஷிபானா என்னோடு கிணற்றடியில், கழுதை சுவரில் முட்டாமல் பார்க்க.

இந்த இடத்தில் கரைவலை பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளைகளில் அரைவாசிப் பேரின் வாப்பாமார் கரைவலைக்காரர்கள். கரைவலைக் கயிற்றை நின்ற இடத்தில் நின்று கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதில்லை. பிடித்த பிடியோடு பின்பக்கமாக நடப்பார்கள். கடைசி ஆள் தென்னையடிக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய், தண்ணீரோரம் முதல் ஆளாகப் பிடிப்பான். அப்படியே சுற்றிச் சுற்றி. கயிறு என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் தெரியும்.

நான் சொன்னது இது: "ஒருத்தரும் கயித்த விடப்படாது. விட்டா கழுத மௌத்."

அதாவது, நடப்பதை விட்டுவைத்து, சுற்றி வருவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

"இழுங்க."

இழுத்தார்கள். கனமே இல்லை. "சேர், காத்து மாதிரி இருக்கு," என்றான் ரினோஸ். காற்று மாதிரி இருந்ததால் அவர்கள் நடந்துகொண்டே போனார்கள். வாசல் தாண்டியது. வீதி தாண்டியது. பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் இறங்கி என்னவென்று சிங்களத்தில் கேட்டார். ரினோஸ் கழுதை என்பதைச் சிங்களத்தில் சொன்னான். கொண்டக்டர் திரும்பிப் போய் டிரைவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, தானும் கயிற்றைப் பிடித்தார். அதிபரும் கோவையைப் பஸ் படியில் வைத்துவிட்டுப் பிடித்தார்.

கடைக்குள் நடந்ததை ஹலீம் நானா பிறகு சொல்லித்தான் தெரியும். அந்தக் கடைக்குள் பெண்பிள்ளைகள் கால் வைத்ததே இல்லை. அன்றைக்குப் பத்துப் பதினைந்து பேர், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள். மனிதர் தேத்தண்ணி வடியைக் கையில் பிடித்தபடி எழும்பி நின்றாராம்.

"வாங்க மக்கள், இரிங்க. தேத்தண்ணி ஊத்தவா?"

"இரிக்க ஏலா மாமா. கழுத."

உட்கார்ந்திருந்தவர்கள் கயிறு தட்டாமல் கோப்பைகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பின்கதவால் போனார்கள். பின்கதவுக்கு அப்பால் எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை. களப்புத்தான், ஆழமில்லாத கடல்நீர்.

கிணற்றடியில் நின்ற எனக்கு இவை ஒன்றும் தெரியாது. கழுதை மட்டும்தான் தெரிந்தது. அது நத்தை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் அத்தனை தூரம் போயும், கிணற்றுச் சுவரில் ஒவ்வொரு கல்லாகத்தான் அது கடந்தது. நான் "இழுங்க இழுங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்போது கயிற்று வழியே வாய்க்கு வாய் ஒரு செய்தி வந்து சேர்ந்தது.

"சேர், பொம்புளப் புள்ளயள் களப்புக்குள்ள எறங்கிட்டாங்களாம்."

"எவ்வளவு தண்ணி?"

கேள்வி போனது. பதில் வந்தது. "முழங்காலாம்."

நான் ஷிபானாவைப் பார்த்தேன். அவள் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"மூண்டு அடி," என்றாள். பிறகு, மிகவும் மெதுவாக, "மூவாறு பதினெட்டு. அவங்க இன்னும் பதினெட்டு அடி நடக்கணும்."

எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. வாசித்த எதுவும் அப்படி விளங்கியதில்லை. நாங்கள் ஆறில் ஒரு பங்குதான் இழுத்தோம். மற்ற ஐந்து பங்கும் எங்கேயும் இருந்து இனாமாக வரவில்லை. அதை என் பிள்ளைகள் ஓர் அடிக்கு ஆறு அடியாக, வீதியைக் கடந்து, கடையைக் கடந்து, களப்புக்குள் இறங்கி நடந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நடக்கச் சொல்லுங்க," என்றேன்.

கழுதையின் கால்கள் கிணற்றுக் கட்டுக்கு மேலே வந்தன. நானும் ஷிபானாவும் வலையைப் பிடித்துப் பக்கத்துக்கு இழுத்தோம். மெதுவாக விடச் சொல்லிச் செய்தி அனுப்பினோம். முழு வகுப்பும் களப்பிலிருந்து இரண்டு மூன்று பாகம், பதினைந்து அடி மட்டில், முன்னுக்கு வந்தது. கழுதை மண்ணில் நின்றது. உதறி எங்கள் இரண்டு பேரையும் நனைத்தது. பிறகு நடந்து வீதிக்குப் போய், பஸ்ஸுக்கு முன்னால் நின்று யோசிக்கத் தொடங்கியது.

பிள்ளைகள் முழங்காலுக்குக் கீழே சேறும் பாசியுமாகத் திரும்பி வந்தார்கள். எல்லோருக்கும் சிரிப்பு. ரினோஸ் மட்டும் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சேர், கழுத ஏறின இருபது அடி மட்டில இருக்கும். நாங்க களப்பு வரைக்கும் போன. அப்ப பறக்கத் எங்க சேர்?"

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. பள்ளியில் பாங்கு சொல்லப் போகிறார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று நான் சொன்னேன். பாங்குக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது.

கொப்பிகள்

ஜும்ஆவில் குத்பாப் பிரசங்கம் நடந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பரீட்சையில் பிள்ளைகள் பிழையாக எழுதிவிடுவார்கள் என்பது ஒரு கவலை. அதைத் திருத்தலாம். எனக்குத் தெரியாத ஒன்றை மறைக்க அல்லாஹ்வின் பெயரை எடுத்து அதன் மேல் வைத்தேனே, அதை யாரிடம் போய்த் திருத்துவது. ஸுஜூதில் நெற்றியை எடுக்க மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சுகமில்லை என்று நினைத்து, தொழுகை முடிந்ததும் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

அன்று பின்னேரம் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ஷிபானா சொன்னது முதல் வரியிலேயே இருந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன்.

"கொப்பிய எடுங்க. பறக்கத் எண்டு நான் எழுதத் தந்த வசனம் பிழை."

முன்வரிசையில் ஒரு பிள்ளை பயந்துபோய்க் கேட்டாள்.

"பறக்கத் பிழையா சேர்?"

"பறக்கத் பிழையில்ல மகள். எனக்குத் தெரியாத எடத்துல அதக் கொண்டுபோய் நான் வெச்சேனே, அதான் பிழை. அத வெட்டிட்டு சரியானத எழுதுங்க."

யாரும் வெட்டவில்லை. பேனையைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"சேர்," என்றான் ரினோஸ், "அதுல அல்லாஹ்ட பேர் இருக்கே. எப்படி வெட்டுற?"

நான் அதை நினைக்கவில்லை. பக்கத்தைக் கிழிக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். கிழித்தால் எங்கே போடுவது என்று இன்னொருத்தி கேட்டாள். குப்பையில் போட முடியாது. எரிக்கலாம் என்றான் ஒருவன், அந்தத் தாளின் மறுபக்கத்தில் நெம்புகோல் படம் இருக்கிறது என்றான் மற்றவன். ஒரு பாட நேரத்தில் பாதி இதிலேயே போனது. கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். வசனம் அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே, 'இதைச் சொன்னபோது சேருக்குத் தெரியாது' என்று எழுதுங்கள்.

எழுதினார்கள். அழகான கையெழுத்தில், கீழே கோடும் போட்டார்கள்.

அதன் பிறகு சரியான வசனத்தைச் சொன்னேன். 'எத்தனம் எத்தனை மடங்கு குறைகிறதோ, கயிற்றை இழுக்க வேண்டிய தூரம் அத்தனை மடங்கு கூடும்.' பின்னால் ஒரு கை உயர்ந்தது. நான் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கை ஒரு தரமும் உயர்ந்ததில்லை.

"உராய்வு இல்லாட்டி எண்டும் சேர்க்கணும்," என்றாள் ஷிபானா.

சேர்த்தேன்.

கொப்பிகளைப் பார்த்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனேன். முப்பது கொப்பிகளிலும் அந்தப் பழைய வசனம் நீல மையில் இருந்தது, கீழே என் அறியாமைக்குச் சாட்சியோடு. கடைசி மேசையில் என் மகளுடைய கொப்பி. கொப்பி முழுவதும் மை. அந்த ஒரு வசனம் மட்டும் பென்சில்.

நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் றப்பரை எடுத்தாள். அவசரமில்லாமல், எழுத்து எழுத்தாக அழித்தாள். அழித்த தூளை ஊதவில்லை, நிலத்தில் தட்டவும் இல்லை. விரல் நுனியால் ஒன்று விடாமல் உள்ளங்கையில் சேர்த்தாள். எழும்பி நின்று, முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்க, என் சேர்ட் பையை ஒரு விரலால் விரித்து அதற்குள் போட்டாள்.

"கவனமா வீட்ட கொண்டுபோங்க வாப்பா," என்றாள்.